காதால் வந்த டிப்போ, கண்ணால் வந்த பஃபெட்

சேலத்தில் யாரும் 'டிப்போட்' என்று சொல்வதில்லை. டிப்போ என்றுதான் சொல்கிறோம். அந்த ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஒரு டீ எழுத்து நிற்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பட்டாளத்து அதிகாரியைக் 'கர்னல்' என்கிறோம். எழுத்துக் கூட்டிப் படித்தால் 'கொலொனெல்' என்றுதான் வரும். பூங்கொத்து விற்பது பொக்கே கடை. பஸ் போகும் வழி ரூட். நூல் பின்னும் ஊசி குரோஷா ஊசி. தொழிற்சங்க மேடையில் முழங்குவது பூர்ஷ்வா. இவை எல்லாமே பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். எல்லாவற்றையும் சரியாகவோ, சரிக்கு மிக அருகிலோ சொல்கிறோம். பஸ் தொழிலாளி, சிப்பாய், பூக்கடைக்காரர், தையல் டீச்சர், மேடைப் பேச்சாளர் என்று யாரோ ஒருவர் வாயிலிருந்து நேராக நம் காதுக்கு வந்தவை அவை.

அதே வாய்தான் பஃபேயைப் பஃபெட் என்று தவறாகச் சொல்கிறது, சூட் ரூம் என்கிறது, கேடட் கார்ப்ஸ் என்கிறது. இவை மெனு கார்டிலும் பெயர்ப்பலகையிலும் பாடப்புத்தகத்திலும் கண்ணுக்கு முதலில் பட்டவை. ஆகவே ஏற்காட்டு விடுதி ஊழியர்களுக்கும், சேலத்தில் நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் இந்தச் சொற்களைப் பழக்கும்போது நாங்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: உங்கள் நாக்கில் கோளாறு இல்லை, சொல் வந்த வழியில்தான் கோளாறு. எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒலியைக் கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிட வேண்டும். பாரிஸ்காரர் மாதிரிப் பேச வேண்டுமோ என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். தேவையில்லை. ஆங்கிலத்தில் ஊறிவிட்ட சொல்லுக்கு ஆங்கில உச்சரிப்பு ஒன்று நிலைத்திருக்கிறது. அகராதி கொடுப்பது அதைத்தான். நாம் பிடிக்க வேண்டியதும் அதைத்தான். ஆங்கில வாக்கியத்தின் நடுவே ஒரு சொல்லை மட்டும் தொண்டையை உருட்டிப் பிரெஞ்சாகச் சொன்னால் கேட்பவருக்கு அது பகட்டாகப் படும்; சில நேரம் புரியாமலும் போகும்.

வரவேற்பு மேஜையில்

ஏற்காட்டில் முதலில் திருத்த வேண்டிய சொல் 'சூட்'. பெரிய அறை, கூடவே உட்காரும் கூடம், அதற்கு ஆங்கிலத்தில் பெயர் ஸ்வீட். லட்டு, ஜிலேபியைச் சொல்லும் அதே ஸ்வீட்; இரண்டுக்கும் ஒலியில் அணுவளவும் வேறுபாடு இல்லை. 'சூட்' என்றால் கோட்டு சூட்டுதான். 'ஸ்வீட் வேண்டுமா என்று கேட்டால் விருந்தினர் இனிப்பு என்று நினைத்துக்கொள்வாரே' என்று பையன்கள் தயங்குவார்கள். சொல்லைத் தனியாக விடாமல் ஃபேமிலி ஸ்வீட், ஹனிமூன் ஸ்வீட் என்று முன்னொட்டோடு சொல்லிவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல் 'ஆன் ஸ்வீட்'. அறையோடு சேர்ந்த குளியலறை என்று அர்த்தம். நாம் அட்டாச்டு பாத்ரூம் என்கிறோமே, அதேதான். இங்கிலாந்திலிருந்து அழைப்பவர் போனில் 'அறை ஆன் ஸ்வீட்டா?' என்று கேட்டால், 'இல்லை சார், ஸ்வீட்டுக்கு வாடகை தனி' என்று பதில் போகக் கூடாது. 'ஆமாம் சார், எல்லா அறையிலும் உண்டு' என்பதுதான் சரியான பதில். ஒரு முன்பதிவு கைநழுவ இவ்வளவு போதும்.

விடுதியில் புழங்கும் மற்றவை: மலைச்சரிவில் தனியாக நிற்கும் மர வீடு ஷாலே, 'சாலெட்' அல்ல. குளிருக்குப் போர்த்தும் தடித்த மெத்தைப் போர்வை டூவே, 'டூவெட்' அல்ல. முன்கூடம் ஃபாயே, அமெரிக்கர் ஃபாயர் என்பார்கள், அதுவும் சரி. கார் நிறுத்தித் தரும் ஆள் வாலே. பழைய பிரிட்டிஷ் வழக்கில் வாலிட் என்றும் உண்டு. ஸ்பாவில் செய்வது மசாஜ். இதையும் மெசேஜையும் குழப்பினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எழுத்தில் ஒரே ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம், ஆனால் மெசேஜில் அழுத்தம் முதலில் விழுந்து பின்பகுதி 'இஜ்' என்று சுருங்கிவிடும். மசாஜில் 'சா' நீண்டு நிற்க வேண்டும்.

பழைய சொல்லா, புதிய சொல்லா

டிப்போ, பஃபே, பாலே, பொக்கே, சாஷே, டூவே, கோர்மே, சோர்பே என்று இத்தனையிலும் டீ மௌனம். அப்படியானால் டிக்கெட், மார்க்கெட், டாய்லெட், கேபினெட்? அவையும் பிரெஞ்சு வழி வந்தவைதானே, அவற்றில் ஏன் டீ ஒலிக்கிறது?

சொல்லின் வயதுதான் காரணம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்து சேர்ந்த சொற்கள் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆங்கிலேயர் வாயில் உருண்டு முழு ஆங்கிலமாகிவிட்டன. 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு சமையலோடும் உடையோடும் நாடகத்தோடும் வந்தவை பிரெஞ்சு வாசனையை விடவில்லை. இந்த ஒரு திறவுகோல் பல பூட்டுகளைத் திறக்கும்.

'சி-எச்' என்ற இரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரெஞ்சில் அது 'ச்ச' என்றே ஒலித்தது. பிறகுதான் அங்கே 'ஷ' ஆனது. அந்த மாற்றத்துக்கு முன் ஆங்கிலத்துக்குப் போனவை சேர், செயின், சேம்பர், சார்ஜ், சான்ஸ், சேப்பல். பின்னால் போனவை ஷெஃப், ஷாம்பெய்ன், ஷோஃபர், ப்ரோஷர், பாரஷூட், ஷாண்டலியர். சீஃப் என்பதும் ஷெஃப் என்பதும் பிரெஞ்சில் ஒரே சொல், தலைவர் என்று பொருள். முதல் முறை போனது சீஃப் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் சமையலறைத் தலைவராக இன்னொரு முறை போனது ஷெஃப் ஆயிற்று. ஹாஸ்டலும் ஹோட்டலும் இதே மாதிரி ஒரே சொல்லின் இரண்டு பயணங்கள். பஃபேயின் எழுத்துக்கும் இப்படி இரண்டு ஒலி உண்டு. காற்று வந்து அடிப்பதைச் சொல்லும் வினைச்சொல் அதே எழுத்துக்கோவைதான். ஆனால் பழையது, அதனால் 'பஃபிட்' என்று டீயோடு ஒலிக்கும்.

'ஏஜ்' என்ற முடிவும் அப்படியே. வில்லேஜ், மேரேஜ், கரேஜ் (துணிச்சல்) ஆகியவை பழையவை. கடைசி 'இஜ்' என்று குறுகும். மிராஜ், மசாஜ், காமஃப்ளாஜ், சபடாஜ், கொலாஜ் ஆகியவை புதியவை, 'ஆ' நீளும். கார் நிறுத்துமிடமான கராஜ் இரண்டுங்கெட்டான். பிரிட்டனில் கராஜ் என்பவரும் உண்டு, கேரிஜ் என்பவரும் உண்டு. இரண்டில் எதைச் சொன்னாலும் தவறில்லை.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? அகராதி கையில் இல்லாதபோது ஒரு கேள்வி உதவும். நிலம், வரி, நீதிமன்றம், கோயில், கல்யாணம், படை என்று ஊர் நடப்பதற்கு அன்றே தேவைப்பட்ட சொல்லா? பெரும்பாலும் பழையது, தயங்காமல் ஆங்கிலமாகப் படியுங்கள். உயர்தர உணவு, நாகரிக உடை, கலை, மோட்டார், தூதரகம் சம்பந்தப்பட்டதா? பெரும்பாலும் புதியது; படிக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். இது எல்லா இடத்திலும் பொருந்தாது. 'மெஷின்' 16ஆம் நூற்றாண்டிலேயே வந்தும் 'ஷ'தான். ஆனாலும் பத்தில் ஏழெட்டு இடத்தில் கைகொடுக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

தொண்டையில் கை வைத்துப் பழக வேண்டிய இரண்டு ஒலிகள்

தமிழர் வாய்க்கு உண்மையிலேயே புதியவை இரண்டே ஒலிகள்தான். ஒன்று மெஷர், விஷன் ஆகியவற்றின் நடுவில் வருவது. மற்றது ஜீப்ரா, ஜீரோ என்று நாம் 'ஜ' போட்டுச் சொல்லும் ஸெட் எழுத்தின் ஒலி. சுலோகப் புத்தகங்களில் க³, ப³ என்று போடுவார்கள் அல்லவா, அதே முறையில் இவற்றை ஷ³, ஸ³ என்று இங்கே எழுதுகிறேன்.

பழகும் முறை இது. தொண்டை மேட்டில் இரண்டு விரலை லேசாக வையுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று மூச்சை நீட்டுங்கள். விரலில் அதிர்வு ஏதும் தெரியாது. நாக்கையும் பல்லையும் அசைக்காமல், மூச்சை நிறுத்தாமல், தொண்டையில் மட்டும் குரலைக் கூட்டுங்கள். வண்டு ரீங்கரிக்கிற ஒலி வரும், விரலில் அதிர்வு தெரியும். அதுதான் ஸ³. இப்போது 'ஷ்ஷ்ஷ்' என்று நீட்டி, அதேபோல் குரலைக் கூட்டினால் ஷ³. ஸ்ஸ்ஸ்-ஸ³ஸ³ஸ³, ஷ்ஷ்ஷ்-ஷ³ஷ³ஷ³ என்று குரலை அணைத்தும் ஏற்றியும் ஒரே மூச்சில் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு முதல் வகுப்பிலேயே வந்துவிடும். வராதவர்களுக்குக் காரணம் ஒன்றுதான்: குரல் கூட்டும் நேரத்தில் நாக்கு தானாக மேலண்ணத்தைத் தொட்டுவிடுகிறது, உடனே அது ஜ ஆகிவிடுகிறது. நாக்கு தொடக் கூடாது. மூச்சு எந்த இடத்திலும் தடைபடக் கூடாது.

ஸ³ வந்துவிட்டால் சமையலும் தங்குமிடமும் சம்பந்தப்பட்ட பல சொற்கள் கைக்கு வரும்: க்விஸீ³ன், மேயனேஸ்³, லியேஸ³ன். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பு டிஸ³ர்ட், அழுத்தம் பின்னால். பாலைவனம் டெஸ³ர்ட், அழுத்தம் முன்னால். எழுத்தில் இனிப்புக்கு இரண்டு எஸ். ஒரு எஸ்ஸை விட்டுவிட்டு 'பாலைவன வகைகள்' என்று அச்சிட்ட மெனு கார்டுகள் இந்த வட்டாரத்தில் அபூர்வமில்லை.

ஷ³வுக்கு பேஷ்³ (சந்தன வெளுப்பு நிறம்), ப்ரெஸ்டீஷ்³, ரேஷீ³ம், கோன்ஸியேர்ஷ்³ ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒலி எவ்வளவு முயன்றும் வராவிட்டால் ஜ போடுங்கள். ப்ரெஸ்டீஜ், மசாஜ் என்று சொன்னால் எவருக்கும் புரியும். ஆங்கிலேயரிலேயே பலர் அப்படிச் சொல்கிறார்கள். வெறும் ஷ மட்டும் வேண்டாம்.

இந்த இடத்தில் தமிழர்க்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில உச்சரிப்பு வழிகாட்டிகளில் ஷ³ ஒலியை 'ஸெட்-எச்' என்று எழுதிக் காட்டுவார்கள். நமக்கு ஸெட்-எச் என்றால் ழ. தமிழ், கோழிக்கோடு, ஆழ்வார் என்று ஆங்கிலத்தில் எழுதியெழுதிப் பழகிய கண் அது. வழிகாட்டியை நம்பிப் படித்தவர் 'கராழ்' என்று முடிப்பார். ழவுக்கு நாக்கு வளைந்து பின்னால் போக வேண்டும். ஷ³வுக்கு நாக்கு முன்னால் இருக்க வேண்டும். இரண்டுக்கும் உறவே இல்லை.

மூக்கொலி நம்மிடம் ஏற்கெனவே உண்டு

பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களைக் கண்டு உலகமே மிரள்கிறது. தமிழர் மிரள வேண்டியதில்லை. 'அவன் வந்தான்' என்பதைப் பேச்சு வழக்கில் சொல்லிப் பாருங்கள். கடைசி ன் முழுதாக ஒலிக்கிறதா? நாக்கு மேலே போய் ஒட்டுவதில்லை. ஆகாரம் மூக்கு வழியே போய் நின்றுவிடுகிறது. மரம், பணம், பழம் எல்லாவற்றிலும் கடைசி ம் இப்படித்தான் கரைகிறது. பிரெஞ்சின் ஆன், ஓன் ஆகியவற்றுக்கும் இதே வேலைதான்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். பேச்சில் 'அவன்' என்று நிறுத்தும்போது கரையும் ன், 'அவனா?' என்று உயிர் வந்து ஒட்டியதும் முழு ன ஆகத் திரும்பி வருகிறது. பிரெஞ்சில் 'நல்ல' என்று பொருள்படும் 'போன்' என்பதன் கடைசி ன் இப்படித்தான் கரையும். 'போன் அபெத்தி' (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்று உயிரில் தொடங்கும் சொல் பின்னால் வந்தால் 'போனபெத்தி' என்று ன திரும்பி வரும். உணவு பரிமாறும்போது இதை ஒரே சொல்லாக, நடுவில் நிறுத்தாமல் சொல்ல வேண்டும். கடைசி டீ மௌனம். பிரெஞ்சு விருந்தினரிடம் சொல்வதானால் நடு எழுத்து நம் 'த்'; ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் 'போனாபெட்டீ'. 'விஸ்-ஆ-வி' (எதிரெதிராக) என்ற தொடரில் மௌனமாக இருக்க வேண்டிய எஸ் 'வீஸா³வீ' என்று விழித்துக்கொள்வதும் இதே ஒழுங்குதான். புணர்ச்சி இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை.

ஆங்கிலத்தில் இந்த மூக்கொலி அதிகம் தேவைப்படாது. ரெஸ்ட்ரான்ட் என்று ன், டீ இரண்டையும் முழுதாகச் சொல்வதே பெருவழக்கு. க்ரோசான்டுக்கு மட்டும் இரண்டு வழி: பிரிட்டிஷ் வழக்கில் 'க்வாஸோன்', ன் கரைந்து, டீ இல்லாமல், அமெரிக்க வழக்கில் 'க்ரஸான்ட்', டீயோடு. பேக்கரிகளில் கேட்கிற 'க்ராய்சன்ட்' எந்த வழக்கிலும் இல்லை. 'ஓ-ஐ' என்று எழுதியிருந்தால் 'ஆய்' என்று படிக்கும் பழக்கத்தால் வருவது அது. புதிய பிரெஞ்சுச் சொற்களில் அந்த இரட்டைக்கு ஒலி 'வா'. மெம்வார், ரெப்பட்வார், பூர்ஷ்வா. மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தை 1934 முதல் ஆங்கிலத்தில் ரெஸ³வ்வார் என்று எழுதி வருகிறார்கள். 'ரெசர்வாயர்' என்று வாயகலச் சொல்ல வேண்டியதில்லை, கடைசி 'வார்' போதும். ஜவுளிக் கடையில் மட்டும் விதிவிலக்கு. வாயில் சேலை என்கிறோமே, அந்த 'வாயில்' ஆங்கில அகராதியிலும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. அதை 'வால் சேலை' என்று யாரும் திருத்த வேண்டாம்.

மிகையாகத் திருத்துவதும் தவறுதான்

கடைசி எழுத்து மௌனம் என்று தெரிந்துகொண்டவர் அடுத்துச் செய்வது, எல்லாச் சொல்லிலும் கடைசி எழுத்தை விழுங்குவது. படித்தவர்களிடமே இது அதிகம். ஒரேயடியாக முடிக்கும் கடைசி அடியைக் குறிக்கும் 'கூ ட க்ராஸ்' என்ற தொடரை 'கூ ட க்ரா' என்று சொன்னால் பிரெஞ்சில் அது 'கொழுப்பு அடி' என்று ஆகிவிடும். அதில் எஸ் ஒலிக்கவே வேண்டும்.

பார்க்க வேண்டியது சொல்லின் வால். மெய்யெழுத்துக்குப் பின்னால் ஆங்கில 'ஈ' எழுத்து ஒன்று இருந்தால் அந்த மெய் ஒலிக்கும்: பகெட், கீஷ், மூஸ், கராஃப், வினிக்ரெட், எலீட், ஆ லா கார்ட். ஈ இல்லாமல் மெய்யோடு முடிந்தால் பெரும்பாலும் மௌனம். அதிலும் சி, ஆர், எஃப், எல் என்ற நான்கும் பொதுவாக ஒலிப்பவை: ஷீக், போன்ஷூ³ர், ஷெஃப், ஹோட்டெல். அந்த நான்கிலும் 'ஈ-ஆர்' என்ற முடிவு தனி. அது 'யே' ஆகும்: டோஸியே (கோப்புக்கட்டு), அட்டலியே (கலைஞரின் பட்டறை), சொமலியே (ஒயின் பரிமாறுபவர்).

ஈயில் முடியும் சொற்களில் நமக்கு வேறொரு தொல்லை. வல்லின மெய்யிலோ ஷ், ஸ், ஜ் போன்ற மெய்யிலோ சொல்லை முடிப்பது தமிழுக்கு ஒவ்வாததால் ஒரு உகரத்தைக் கூட்டிவிடுகிறோம்: கீஷு, மூஸு, மசாஜு. இதைத் தடுக்கச் சொல்லைத் தனியாகப் பழகக் கூடாது. பின்னால் உயிரில் தொடங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றைச் சேர்த்துப் பழகுங்கள்: 'மசாஜ் அட் சிக்ஸ்' என்பதை 'மசாஜட்-சிக்ஸ்' என்று இழுத்துச் சொன்னால் உகரத்துக்கு இடமே இருக்காது. நாலைந்து நாள் இப்படிப் பழகியபின் தனிச்சொல்லிலும் அது விழுந்துவிடும்.

பி-எஸ்சில் முடியும் 'கோர்' என்ற சொல்லுக்குத் தனி வரி தேவை. 1948இல் தொடங்கிய தேசிய மாணவர் படையின் ஆங்கிலப் பெயரில் மூன்றாவது சொல் அது. 'கார்ப்ஸ்' என்று சொன்னால் பிணம் என்று பொருள்படும் வேறு சொல்லாகக் கேட்கும். அணிவகுப்பு மைதானத்தில், அதுவும் ஒலிபெருக்கியில், இது நடக்கவே கூடாது. ஒருமை கோர், பன்மை கோர்ஸ்³. எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. அரசைக் கவிழ்க்கும் சதிக்கும் ஒலியில் இதே போக்கு: ஒருமை கூ, பன்மை கூஸ்³. 'கூப்' அல்ல.

லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஷாஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம். ஒருமையிலும் பன்மையிலும் எழுத்து மாறாது. பன்மையில் ஷாஸீஸ்³ என்று கடைசி எஸ் விழிக்கும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்தோடு ஆங்கிலத்தில் பேசும்போது இது தேவை. சங்ககிரிப் பட்டறையில் 'அண்ணா, சேஸ் நம்பர் சொல்லுங்க' என்று கேட்பதை மாற்ற வேண்டியதில்லை. அது தமிழில் குடியேறிவிட்ட சொல். தறிக்கூடத்தின் ஜக்கார்டும் அப்படித்தான். லியோன் நகரத்து ஜக்கார் என்பவர் 1804இல் செய்த தறியின் பெயர். பிரெஞ்சில் கடைசி எழுத்து மௌனம், ஆங்கிலத்திலோ 'ட்' ஒலிக்கும். ஆங்கில அகராதி நெசவாளி பக்கம் நிற்கிறது.

அழுத்தம்

பிரிட்டிஷார் பாலே, கஃபே, பஃபே ஆகியவற்றில் முதல் அசையை அழுத்துவார்கள். அமெரிக்கர் கடைசி அசையை. தமிழ்ப் பேச்சில் முதல் அசையே சற்று எடுப்பாக விழுவதால் பிரிட்டிஷ் வழி நமக்கு எளிது. ஆனால் ஹோட்டெல், பூட்டீக், டெக்னீக், க்விஸீ³ன், பர்ஸனெல், ஆன்ட்ரப்ரனர் ஆகியவற்றில் இரு நாட்டாரும் கடைசியைத்தான் அழுத்துகிறார்கள். பர்ஸனெல்லில் முதலை அழுத்தினால் 'பர்ஸனல்' ஆகி, பணியாளர் பிரிவு சொந்த விஷயமாகிவிடும். வேலைக்கு அனுப்பும் தன்விவரத் தாள் ரெஸ்³யுமே. 'ரிஸ்³யூம்' என்றால் விட்டதைத் தொடர்தல்.

மெனு கார்டும் அழைப்பிதழும்

உச்சரிப்புக்கு இணையாகப் பிழை நடக்கும் இடம் அச்சு. கல்யாணப் பத்திரிகையின் மூலையில் ஆர்-எஸ்-வி-பி என்று போட்டு முன்னால் 'ப்ளீஸ்' சேர்ப்பார்கள். அந்த நான்கு எழுத்தில் கடைசி மூன்றும் 'தயவுசெய்து' என்பதன் சுருக்கம்தான், ப்ளீஸை எடுத்துவிடுங்கள். 'சூப் டு ஷூ³ர்' என்றாலே இன்றைய சூப். பின்னால் 'ஆஃப் த டே' தேவையில்லை. உணவகம் நடத்துபவர் ரெஸ்டரட்டர். அந்தச் சொல்லில் ன் கிடையாது. பெயர் அட்டையில் ன் சேர்த்து அச்சடிக்காதீர்கள். க்விஸீ³ன் என்பது சமையல் மரபு, ஒரு தட்டு உணவு அல்ல. செட்டிநாட்டு க்விஸீ³ன் உண்டு. 'இன்றைய க்விஸீ³ன் மீன் வறுவல்' என்பது கிடையாது.

'ஆன்ட்ரே' என்ற தலைப்பை ஏற்காட்டு மெனுக்களிலிருந்து நீக்கிவிடச் சொல்வது எங்கள் வழக்கம். அமெரிக்கருக்கு அது பிரதான உணவு; பிரெஞ்சுக்காரருக்கும் பிரிட்டிஷாருக்கும் அதற்கு முன்னால் வருவது. ஒரே மேஜையில் இருவர் உட்கார்ந்தால் தட்டு வரும் வரிசையே தகராறாகும். ஸ்டார்ட்டர், மெயின் கோர்ஸ் என்று போட்டால் போதும்.

வெட்டு முறைகளின் பெயரைப் போட்டால் அளவும் சரியாக இருக்க வேண்டும். ஜூ³லியென் என்பது 3 மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளத் தீக்குச்சி வெட்டு. அதையே குறுக்கே நறுக்கினால் வரும் 3 மில்லிமீட்டர் சதுரத் துணுக்கு ப்ரூன்வாஸ்³. 6 மில்லிமீட்டர் தடிமனானால் அது பட்டோனே. கேரட்டை விரல் தடிமனில் வெட்டி ஜூ³லியென் என்று எழுதினால் தெரிந்தவர் ஒருவர் வந்தாலும் பேர் கெட்டுவிடும். பஃபே மேஜையில் வெந்நீர்த் தொட்டிமேல் உணவைச் சூடாக வைக்கும் சாதனம் பான் மரீ. பாத்திரக் கடைகளில் சொல்லும் 'பெயின் மேரி'யைக் கொட்டேஷனில் எழுத்துப் பிழையில்லாமல் எழுதினால் போதும், கடைக்காரரிடம் திருத்த வேண்டாம்.

தலைக்கோடு போட்ட ஈ எழுத்துக்கு, விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 0233 தட்ட வேண்டும். வாலுள்ள சிக்கு 0231. போனில் அந்த எழுத்தை நீள அழுத்தினால் வரிசையாக வரும். கஃபே, ரோல், எலீட், டேபியூ போன்றவற்றுக்குக் கோடு இன்று கட்டாயமில்லை. ரெஸ்³யுமேவுக்குப் போடுவது நல்லது, மேலே சொன்ன வினைச்சொல்லோடு குழம்பாது.

தமிழும் ஆங்கிலமும் கலந்த மெனு கார்டை அச்சகத்தில் கொடுக்கும்போது இந்தக் கோட்டெழுத்துகளைத் தனியாகப் பார்த்தே தீர வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய பல தமிழ் எழுத்துருக்கள் இந்தக் கோட்டெழுத்துகளுக்கான இடங்களில்தான் தமிழ் எழுத்தை உட்கார வைத்திருக்கின்றன. ஆங்கில வரியும் தவறிப்போய் அந்த எழுத்துருவில் மாட்டிக்கொண்டால் சாதாரண எழுத்துகளும் சிதையும். அவற்றை எவரும் கவனித்துத் திருத்திவிடுவார்கள். ஆனால் கோட்டெழுத்து ஒன்று மட்டும் அந்த எழுத்துருவில் சிக்கினால், பூரே (மசியல்) என்பதன் கடைசியில் சம்பந்தமில்லாத ஒரு தமிழ் எழுத்து ஒட்டிக்கொண்டு அப்படியே அச்சாகிவிடும். ஆங்கில வரி முழுவதையும் தேர்ந்து ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றச் சொல்லுங்கள். எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎஃப் வாங்கி, திரையில் பெரிதாக்கி, ப்ரூஃப் தாளிலும் ஒருமுறை பார்த்த பிறகு லேமினேஷனுக்கு ஒப்புதல் கொடுங்கள்.

ஊரில் நிலைத்த பெயர்கள்

ஏற்காட்டில் 1917 முதல் இருக்கும் பள்ளியின் பெயர் மாண்ட்ஃபோர்ட். 1673இல் பிரான்சில் பிறந்த பாதிரியார் ஒருவரின் ஊர்ப் பெயர் அது; அவருடைய ஊரில் 'மோன்ஃபோர்' என்று டீ இல்லாமல் சொல்வார்கள். அதற்காக இங்கே ஆட்டோக்காரரிடம் 'மோன்ஃபோர் போகணும்ண்ணா' என்று கேட்டால் வண்டி நகராது. சேலத்தின் க்ளூனிப் பள்ளிக்கும் இதே கதை. ஒரு நிறுவனத்தின் பெயரை அந்த நிறுவனத்தார் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல்ல வேண்டும். போனில் பேசும் வெளியூர்க்காரர் வேறு விதமாகச் சொன்னால் அவரைத் திருத்தாமல், நம் வழக்கில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, வழியைச் சொல்லத் தொடங்குங்கள்.